முட்டுவலிக்கும் தங்கத்துக்கும் உள்ள ஒட்டுறவு

சிவகாமியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மூணும் ஒரே கேபிளா?"

தாணுமாலையன் பத்திரிகையின் பங்குச்சந்தைப் பக்கத்தில் அளவுகோலை வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். காலை எட்டரை மணி. முந்தின நாள் மூன்று நிதிகளும் ஏறியிருந்தன. மூன்றும் ஏறிய நாட்களில் அவர் இரண்டாவது காப்பி கேட்பது வழக்கம். 2007 ஓணத்துக்குப் பிறகு அவை ஏறாத நாள் அபூர்வம் என்பதால், கரமனையில் அவர்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் புதிதாக ஒரு பசுவே வாங்கிவிட்டார் என்று பேச்சு.

"எந்த மூணு?"

"என் பைசாவக் கொண்டு போட்டு வச்சிருக்கியளே, அந்த மூணு."

"அது கேபிள் இல்லட்டி. ஃபண்டு. ஒண்ணுல இந்தியாவுலயே பெரிய அம்பது கம்பெனி. ரெண்டாவதுல அதுக்கு அடுத்த அம்பது. மூணாவதுல பேங்கு மட்டும். நூறு கம்பெனி, ஒரு டஜன் பேங்கு. கடலே வத்தினாலும் ஒனக்கு ஒரு குடம் தண்ணி மிஞ்சும்."

"அது செரி. நான் கேட்டது அதில்லல்லா. மூணும் ஒரே நாளுலயா ஏறுது, ஒரே நாளுலயா எறங்குது?"

தாணுமாலையன் அளவுகோலைக் கீழே வைத்தார்.

இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு ஏப்பத்தில் தள்ளிவிட்டிருப்பார். ஆனால் சிவகாமியம்மாள் டெலிபோன் இலாகாவில் புகார்ப் பிரிவில் இருபத்தேழு வருடம் இருந்தவள். திருவனந்தபுரத்தில் யார் வீட்டுப் போன் செத்தாலும் 198க்கு அடித்து அவள் காதில்தான் ஒப்பாரி வைப்பார்கள். மந்திரி வீட்டுப் போனும் அவளுக்கு ஒன்றுதான், மீன்கடைப் போனும் ஒன்றுதான். அங்கே அவள் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. தளியலில் ஒரு போன், கைமனத்தில் ஒரு போன், கிள்ளிப்பாலத்தில் ஒரு போன் மூன்றும் ஒரே நாளில் செத்து, ஒரே நாளில் உயிர் பெற்று, அடுத்த மழைக்கு மறுபடியும் ஒன்றாகச் செத்தால், வீடுகள் எங்கே இருந்தால் என்ன, பூமிக்கடியில் கேபிள் ஒன்றுதான். வரைபடத்தில் வேறு மாதிரி இருந்தாலும் வரைபடம்தான் பொய் சொல்லும். ஒருமுறை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாலத்துக்குக் கீழே இன்ன இடத்தில் தோண்டுங்கள் என்று சொல்ல, ஒன்றரை அடியில் எலி கடித்த கேபிள் கிடைத்ததாம். எலியும் கூடவே கிடைத்தது என்று தாணுமாலையன் சேர்த்துக்கொள்வார்.

அந்த மூன்று நிதிகளில் இருந்தது அவள் ஓய்வு பெற்றபோது வந்த ஆறு லட்சம். அதில் நாலு லட்சம் அவளுடைய இரண்டு முழங்கால்களுக்கு. ஏப்ரலில் அறுவை சிகிச்சை என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பார்கள். அதுவரைக்கும் ஏழெட்டு மாதம் சும்மா கிடக்கிற பணம் கொஞ்சம் ஓடியாடி வரட்டுமே என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனவர் தாணுமாலையன். "எல்லாம் ஒரே நாளுல விழாது, நான் உத்தரவாதம்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவரும் அவரே.

சிவகாமியம்மாளின் தம்பி திரவியம் அப்போதே சிரித்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவர்; ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு.

"அத்தான், பேசாம டிரஷரியில போடும். சர்க்காரு வட்டி. இல்ல, இதுலதான் போடுவேன்னா போடும். போச்சுன்னா வருத்தப்படாண்டாம். அக்கா முட்டுக்கு நான் தாறேன்."

திரவியம் நிச்சயமாகக் கொடுப்பார். அங்கேதான் ஆபத்து. ஒவ்வொரு மூட்டை அரிசியோடும் இந்தக் கதையையும் சேர்த்துத்தான் சாலையில் இறக்குவார். செம்பா அரிசி வாங்க வந்தவனுக்கும் தெரியும், தவிடு வாங்க வந்தவனுக்கும் தெரியும். தாணுமாலையன் அதற்குப் பிறகு கிழக்கே கோட்டை பக்கம் போகவேண்டுமென்றால் பர்தா போட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

"கணக்குப் போட்டுப் பாத்துட்டாப் போச்சு" என்று எழுந்தார்.

கணக்கு என்றால் அவர் வீட்டில் ஒன்றுதான் பொருள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஃபேசிட் இயந்திரம் இறங்கும். புள்ளிவிவர ஆபீசில் முப்பத்தோரு வருடம் மரச்சீனிக் கிழங்குக்கும் நல்லமிளகுக்கும் அட்டவணை போட்டவர் அவர். கேரள சர்க்கார் ஐம்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பியபோது, கழித்துப் போட்ட சாமான்களின் ஏலத்தில் நாற்பது ரூபாய்க்கு அதை எடுத்துக்கொண்டு வந்தார். இரும்பில் செய்த சிறு பன்றிபோல இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கும், திருப்பிச் சுற்றினால் வகுக்கும், எல்லை மீறினால் மணி அடிக்கும். அவர் அதைச் சுற்றத் தொடங்கினால் கரமனை ஆற்றில் மீன்கள் எதிர்க்கரைக்குப் போய்விடும் என்றும், தெருவில் இரண்டு கர்ப்பிணிகள் அந்தச் சத்தத்தில் ஒரு வாரம் முன்கூட்டியே பிரசவித்தார்கள் என்றும் அவரே சொல்வார். கால்குலேட்டர் வாங்கலாமே என்றால், அது விடையை மட்டும்தானே சொல்லும், இடையில் என்ன நடந்தது என்று சொல்லாதே என்பார்.

ஆனால் கணக்குக்குப் பழைய பத்திரிகைகள் வேண்டும். சிவகாமியம்மாள் அவற்றை நவம்பரிலேயே எடைக்குப் போட்டுவிட்டிருந்தாள். ஆகவே நான்கு நாள் காலை பாளையத்திலுள்ள பொது நூலகத்துக்குப் பஸ்ஸில் போய், அறுபது வியாபார நாட்களின் முடிவு விலைகளை நீண்ட கோடு போட்ட தாளில் எடுத்து எழுதிக்கொண்டு வந்தார். கூடவே இன்னொன்றையும் எழுதினார். அந்த வருடம்தான் தங்கத்தையும் நிதியாகப் பங்குச்சந்தையில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு யூனிட் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம். நகை இல்லை, செய்கூலி இல்லை, திருடனுக்கும் வேலை இல்லை. மூன்றும் ஒரே கேபிள் என்று வந்துவிட்டால் தப்பிக்க ஒரு வழி வேண்டுமே என்று அதன் விலையையும் குறித்துக்கொண்டார்.

பிறகு சுற்றினார். முதலில் சராசரி. பிறகு ஒவ்வொரு நாளின் விலையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பது. அந்த விலகல்களை ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டி, தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டி, கடைசியில் ஒரு வகுத்தல். விடை ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கிறவை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஒன்றை ஒன்று அறியாதவை. இதைத்தான் ஆபீசில் கோரிலேஷன் என்பார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒட்டுறவு என்று போட்டிருக்கும்.

முதல் நிதிக்கும் இரண்டாவதுக்கும் 0.97. முதலுக்கும் பேங்குக்கும் 0.95. இரண்டாவதுக்கும் பேங்குக்கும் 0.96. தாணுமாலையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, தங்கம் இருக்கிறதே என்று மூன்று மணிநேரம் சுற்றினார். இயந்திரத்தின் மணி இரண்டு தடவை அடித்தது.

0.92.

அவர் அதை நம்பவில்லை. மறுநாள் காலை மறுபடியும் சுற்றினார். அதே 0.92. அப்புறம் ஒரு வெறி வந்தது. வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து தேங்காய் விலையை எடுத்துப் பேங்கு நிதியோடு போட்டார், 0.89. சலூன் எடை மெஷினில் ஏறிப் பார்த்து எழுதிய தன் எடையைப் போட்டார், 0.90. பக்கத்து வீட்டுப் பப்பாளி மரத்தின் உயரத்தைக் குளியலறை ஜன்னல் கம்பியை வைத்து வாராவாரம் குறித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, முப்பத்தோரு வருடப் பழக்கம். அதற்கும் தங்கத்துக்கும் 0.94. பப்பாளி தங்கத்தை விட்டுப் பிரியவே மாட்டேன் என்றது.

மதியம் சாப்பாட்டில் அவர் ரசத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கணக்கு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சிவகாமி, லோகம் முழுக்க ஒரே கேபிளாக்கும். நிதி, தங்கம், தேங்கா, என் தொப்ப, பப்பாளி. ஒண்ணு செத்தா எல்லாம் சாவும். தப்பிக்க எடமே இல்ல."

சிவகாமியம்மாள் நடந்து வந்தாள். அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. மேசையிலிருந்து அடுப்படிக்குப் பதினொரு அடி. அந்தப் பதினொரு அடிக்குள் கதவு, சுவர், நாற்காலி முதுகு, குளிர்சாதனப் பெட்டி என்று நான்கு இடத்தில் கையூன்ற வேண்டும். நாற்காலியில் இறங்கும்போது மட்டும் ஒரு சின்னச் சத்தம் வரும். வெளியே கேட்காமல் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள்.

"பப்பாளியா?"

"பப்பாளிதான். புள்ளி ஒம்பது நாலு."

 அவள் சிரித்தாள், சாப்பிடுகிற இடத்தில் சிரிக்கக்கூடாது என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ. ஓணத்துலேந்து என் முட்டுவலி கூடிக்கிட்டே வருது. ஓணத்துலேந்து தங்கமும் கூடிக்கிட்டே வருது. அப்போ என் முட்டுக்குள்ள தங்கமா இருக்கு? இருந்தா டாக்டருகிட்ட சொல்லிருங்கோ, வெட்டி எடுக்கத அவரே ஃபீஸா வச்சுக்கிடட்டும்."

"ஏட்டி, அது வேற…"

"என்ன வேற? ரெண்டு பேருக்கும் வயசு கூடுதுன்னா ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா? எல்லாம் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாங்க அப்பிடியா பாப்போம்? எந்த ஏரியாவுல எத்தன போன் இருக்கு, வருசா வருசம் கூடுதா, அதுவா பாத்தோம்? நேத்து பேசின போன் இன்னைக்குச் செத்துதா, அது கூடவே எது செத்துது, அதத்தானே பாத்தோம். நேத்துக்கும் இன்னைக்கும் உள்ள வித்தியாசம். அது மட்டும்தான்."

தாணுமாலையன் ரசத்தைக் குடிக்கவில்லை. கையிலிருந்த ரசம் முழங்கை வழியாக வடிந்து வேட்டியில் இறங்கியது. முப்பத்தோரு வருடமும் அவர் போட்டது எல்லாம் வருடாந்தர விலை, வருடாந்தர விளைச்சல். ஏறுகிற இரண்டு பொருட்களை அருகருகே வைத்து அவை ஏறுவதையே உறவு என்று எண்ணிக்கொண்டு, எத்தனை அட்டவணை, எத்தனை கையெழுத்து. விலையை விலையோடு ஒப்பிட்டால் காலண்டரைத்தான் காலண்டரோடு ஒப்பிடுகிறோம். ஏற்றத்தை ஏற்றத்தோடு, இறக்கத்தை இறக்கத்தோடு அல்லவா ஒப்பிட வேண்டும்! மாற்றத்தை! நூற்றுக்கு எத்தனை மாறியது என்று, நாள் நாளாக!

"நீ ஒரு மகாபாவிட்டி" என்றார், மிகுந்த அன்போடு. கைகழுவாமல் ஃபேசிட்டை நோக்கி ஓடினார்.

அறுபது விலைகளிலிருந்து ஐம்பத்தொன்பது மாற்றங்கள். இந்த முறை ஒரு வாரம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் வந்து போனது. எதிர்வீட்டில் கட்டியிருந்த காகித நட்சத்திரத்தை அவிழ்த்து எடுத்தார்கள். புத்தாண்டு அன்றும் சுற்றினார். தெருவில் யாரோ வந்து, "சாரே, வீட்டில் மில்லு வெச்சோ?" என்று மலையாளத்தில் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று நிதிகளும் தமக்குள் 0.91, 0.88, 0.84. அதாவது சிவகாமி சொன்னதுதான். பெயர்ப்பலகை மூன்று, கேபிள் ஒன்று. பெரிய ஐம்பதுக்குள்ளேயே அந்தப் பேங்குகளில் பாதி உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நூறு கம்பெனி, ஒரு டஜன் பேங்கு என்று மார்தட்டியவர், ஒரே வீட்டுக்கு மூன்று வாசல் வைத்திருந்தார்.

பிறகு தங்கம். வியர்வை ஊற்றியது. கடைசி வகுத்தலில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. அவ்வளவுதான் விடை.

0.06.

"சிவகாமி! தங்கத்துக்கு இவனுவள யாருன்னே தெரியாது! பப்பாளிக்கும் தெரியாது!"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "அப்போ மாத்துங்கோ. ஆடிப்பாடிக்கிட்டு நிக்காண்டாம்."

புளிமூட்டில் இரண்டாவது மாடியில் இருந்தது அந்தப் பங்குத்தரகு ஆபீஸ். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜெயஷீலா. பாறசாலைப் பக்கத்துப் பெண், பொறுமைசாலி. ஜனவரி மூன்றாம் வாரத்தில் தாணுமாலையன் போய், இரண்டாவது நிதியையும் பேங்கு நிதியையும் முழுக்க விற்று நாலு லட்சத்துக்கும் தங்கம் வாங்கு என்றதும் அவள் நாற்காலியோடு திரும்பினாள்.

"சாரே, எல்லாரும் வாங்கிய சமயத்துல சாரு விக்கியீங்களா? இன்னும் ஏறும்னாக்கும் சொல்லியாங்க."

"ஏறட்டு மோளே. மூணும் சேந்து ஏறும். அதான் எனக்குப் பயம்."

விற்பதற்கு இரண்டு நிமிடம். வாங்கத்தான் பாடு. தங்க நிதியை விற்க அன்று ஆளே இல்லை. ஜெயஷீலா விலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பத்து யூனிட் வந்தது. ஏழு வந்தது. அப்புறம் ஒரு மணிநேரம் எதுவும் இல்லை. தாணுமாலையன் மூன்று நாள் அந்த ஆபீசில் தவம் கிடந்தார். அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி அவர் உருவத்துக்கு வளைந்துவிட்டது. கிராம் கிராமாக, ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் மனமிரங்கி விற்க, வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்குக் கடைசி நாற்பது யூனிட்டும் வந்து சேர்ந்தது. கடை அடைக்கக் கால்மணி நேரம்.

"கிட்டியாச்சு சாரே. இனி வீட்டுக்குப் போங்க" என்றாள் ஜெயஷீலா. அதில் கெஞ்சல் இருந்தது.

திங்கட்கிழமை சந்தை விழுந்தது. தாணுமாலையன் சொல்வதுபோலச் சொன்னால், பம்பாயில் விழுந்த சத்தம் நெய்யாற்றின்கரையில் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை தொலைக்காட்சியில் ஒரு பையன் மூச்சுவாங்கப் பேசிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான்கள் ஓட்டை மாறிப் போயின.

தங்கம் கூடவே விழாது என்று ஐம்பத்தொன்பது நாட்கள் சொல்லியிருந்தன. அறுபதாவது நாள் என்ன சொல்லும் என்று எந்தத் தாளிலும் இல்லை. 0.06 என்றால் அறியாதவர்கள். அறியாத இரண்டு பேர் ஒரே நாளில் தும்மமாட்டார்களா? அதுவும் இந்த மாதிரி ஒரு நாளில் யாரும் எதையும் பிடித்ததை விட்டுவிட்டு ஓடுவார்கள், கையில் கிடைத்த தங்கத்தையும் சேர்த்து விற்பார்கள். இதை அவர் சிவகாமியிடம் சொல்லவில்லை. அவர் சொல்லாததும் அவளுக்குக் கேட்கும்.

"நானும் வாறேன்" என்றாள்.

"ரெண்டு மாடிட்டி. முப்பத்தெட்டுப் படி. லிஃப்ட் கெடையாது."

"என் முட்டு எந்த லைன்ல கெடக்குன்னு நான் பாக்காண்டாமா? ஆட்டோ விளிங்கோ."

முப்பத்தெட்டுப் படியையும் அவள் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, நின்று, மறுபடி. தாணுமாலையன் ஒரு படி கீழே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார், விழுந்தால் பிடிக்க. அவள் விழுந்தால் அவர் நசுங்குவார் என்பது இருவருக்கும் தெரியும். மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டாவது படியில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். இருபத்தேழாவதில், "சத்தியமா சொல்லுங்கோ, பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. வாங்கோ."

ஆபீஸ் நிறைய ஆட்கள், ஒரு சத்தமில்லை. திரை முழுக்கச் சிவப்பு. சந்தை திறந்த உடனேயே பாதாளத்துக்குப் போனதால் ஒரு மணிநேரம் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். எண்கள் எல்லாம் விழுந்த இடத்தில் விழுந்தபடியே உறைந்து நின்றன. பல்மருத்துவர் ஒருவர் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கால்சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தார், அது கிடைக்கவே இல்லை. தாணுமாலையனின் பெரிய ஐம்பது நிதி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விற்றுவிட்ட பேங்கு நிதி அதற்கும் கீழே, மூக்கு உடைந்து கிடந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஜெயஷீலா எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தாள். சிவகாமியம்மாள் மெதுவாக அதில் இறங்கினாள். பல்லுக்குள் வைத்திருக்கும் அந்தச் சத்தம் இன்று வெளியே வந்துவிட்டது.

"மோளே, தங்கம் எங்க?"

"இன்னா, இங்க கீழ. பாருங்கம்மா."

தாணுமாலையன் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் எண்ணினார்.

"இதுவும் சிவப்புதானே?" என்றாள் சிவகாமியம்மாள்.



"சிவப்புதான் அம்மா. ஆனா ஒரு ரூவா நாப்பது பைசாதான் கொறவு. ஆயிரத்து சொச்சத்துல ஒரு ரூவா நாப்பது. இந்த அறையில மத்ததெல்லாம் பாருங்க, அப்பதான் தெரியும்."

சிவகாமியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை மேலிருந்து கீழாகப் படித்தாள். புகார்ப் புத்தகத்தை எப்படிப் படித்திருப்பாளோ அப்படி, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. அறையில் இருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். கடைசி வரியில் விரல் நின்றது.

"எரைச்சல் இருக்கு" என்றாள். "ஆனா லைன் இருக்கு. சாகல்ல. இது வேற கேபிள்தான்."

தாணுமாலையனுக்கு ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை. மாதக்கணக்காகத் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு யானை, பொறுமையாக எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனது போலிருந்தது. சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றை அவிழ்த்துச் சரியாகப் போட ஆரம்பித்தார். மறுபடியும் மாறிப்போயிற்று.

சிவகாமியம்மாளின் பையில் கைப்பேசி அடித்தது. திரவியம். அவர் பேசுவது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. சாலைக்காரர்களுக்குக் கைப்பேசியே தேவையில்லை.

"அக்கா! டிவியில சொல்லுகான், எல்லாம் போச்சுன்னு! நான் அப்பமே சொன்னேன்லா? நீ வெசனப்படாண்டாம். முட்டுக்கு நான் தாறேன். அத்தான் எங்க? அழுது கரையுகாரா?"

"இங்கதான் நிக்காரு. பொத்தான் போடுகாரு."

"என்னது?"

"எல்லாம் ஒண்ணும் போவல்லடே. என் முட்டு பத்திரமா இருக்கு. நீ போயி அரிசியப் பாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "ஞாயித்துக்கிழம வா. நீ அத்தானுக்குக் கால் அமுக்கி விடணும்."

முதலில் சிரித்தது பல்மருத்துவர். ஏன் சிரித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்புறம் தலைமையாசிரியர். அன்று காலையிலிருந்து அந்த அறையில் யாரும் செய்யாத காரியம் அது. சிரிப்பு பரவிக்கொண்டே போயிற்று.

"கொள்ளாம், மாமி" என்றார் தலைமையாசிரியர். "இத்தன பேருல ஒருத்தராவது ரட்சப்பட்டீங்களே."

ஆனால் சிவகாமியம்மாளால் எழ முடியவில்லை. முப்பத்தெட்டுப் படியும் வட்டியோடு முழங்கால்களில் வந்து உட்கார்ந்திருந்தது. நாற்காலிக் கைகளை ஊன்றி இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை, "கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள். தாணுமாலையன் தோளைக் கொடுத்தார், இடுப்பைக் கொடுத்தார், அவரே நாற்காலி மேல் விழப் பார்த்தார்.

"மாறி நில்லுங்க சாரே" என்றார் பல்மருத்துவர், சட்டைக் கையை மடக்கிக்கொண்டு. "இப்ப நமக்கு இங்க என்ன வேல இருக்கு? சந்தையும் கெடயாது, பைசாவும் கெடயாது. நாலு பேரு வாங்க. நாற்காலியோட எறக்கிருவோம்."

சக்கரம் இல்லாத ஒரு மர நாற்காலிக்கு அவளை மாற்றினார்கள். பல்மருத்துவரும் தலைமையாசிரியரும் முன்னால், பெயர் தெரியாத இரண்டு பேர் பின்னால். அன்று காலைக்குள் அந்த நால்வரும் இழந்ததைக் கூட்டினால் கரமனையில் பாதித் தெருவை வாங்கலாம். தூக்கியபோது ஒருவர், "ஐயோ, தங்கம் கனக்குது" என்றார். சிவகாமியம்மாள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு திறந்துகொண்டாள், பயம் வந்துவிட்டது. படி வளைவில் நாற்காலி சாய்ந்தபோது பல்மருத்துவரின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையைச் சாய்த்துக்கொடுத்தார். தாணுமாலையன் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார், "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே.

முதல் மாடியைத் தாண்டியபோது மேலேயிருந்து ஜெயஷீலாவின் குரல் வந்தது.

"சாரே! சந்த தொறந்தாச்சு! எல்லாரும் வாங்க, தொறந்தாச்சு!"

தாணுமாலையன் நால்வரையும் பார்த்தார்.  பின்னால் பிடித்திருந்தவர் மாடியை அண்ணாந்து பார்த்தார், பார்த்தபடியே அடுத்த படியில் காலை வைத்தார். ஒருவரும் கையை விடவில்லை. கீழே தெருவிலிருந்து வெயிலும் பஸ் சத்தமும் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தன. சிவகாமியம்மாள், சுவரில் இடிக்காமலிருக்க, பாதங்கள் இரண்டையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.